வெட்டுமுகம் இடப்பக்கம்

1

இந்த வைகாசியோடு நான் ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருஷம். அதைக் கொண்டாட வேண்டும் என்று மகள் அபி ஒஷாவாவிலிருந்து கேக்கோடு வந்தாள். கேக்கின் நடுவே பிளாஸ்டிக்கில் ஒரு மேப்பிள் இலை. பத்தொன்பது வருஷம் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரிப் பகுதியில் நின்று, ஊரார் கேக்குகளில் ஐசிங்கால் பெயர் எழுதியவள் நான். அந்த இலையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷத்தில் கொண்டாட என்ன கிடக்கிறது என்று கேட்க வாய் உன்னியது. பிள்ளை இவ்வளவு தூரம் கார் ஓடி வந்திருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டு வெட்டினேன்.

சாப்பிட்டு முடிய அவள் கணினியைத் திறந்து எனக்காக ஒரு காப்புறுதிப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

“அம்மா, ஒக்கியுபேஷன் எண்டு கேக்குது. ரிட்டயர்ட் கேக் டெக்கரேட்டர் எண்டு போடவா?”

“போடு.”

“வேற ஏதும் போடவோ?”

“வேற என்ன இருக்கு? அதையே போடு.”

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதையே போட்டாள். போட்டது பிழையும் இல்லை. ஆனால் அவள் போனபிறகு எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு, கனடாக்காரி வீட்டுக்கும் காருக்கும்தான் ஏங்குவாள் என்று ஒரு நினைப்பு. நான் ஏங்கியது ஒரு வரிக்கு. ஓர் அகழ்வாய்வுப் புத்தகத்தில், படங்கள் கீறியவர் என்று என் முழுப்பெயர் அச்சில் வர வேண்டும். ஒருமுறை வந்தால் போதும். அந்த வரி இரண்டு தடவை என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போனது. முதல் தடவை கொண்டுபோனது யுத்தம். யுத்தத்தோடு யார் சண்டைக்குப் போவது? இரண்டாம் தடவை கொண்டுபோனவர்கள் என் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டவர்கள். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

2

என் பெயர் யோகேஸ்வரி தில்லைநாதன். யாழ்ப்பாணத்தில் நான் தொல்லியல் படவரைஞர். அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தோண்டும்போது வருகிற உடைந்த சட்டி ஓடுகளை அளந்து படமாகக் கீறுவதுதான் வேலை. பெரிய ஓடு தேவையில்லை. வாய் விளிம்பில் இரண்டு விரல் அகலம் கிடைத்தாலே முழுச் சட்டியின் சுற்றளவையும் கண்டுபிடித்துவிடலாம். தாளின் நடுவே நேராக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ஓட்டின் வெட்டுமுகம், அதாவது சட்டியைக் கத்தியால் பிளந்தால் தெரிகிற தடிப்பு. அதைக் கறுப்பாக நிரப்புவோம். வலப்பக்கம் சட்டியின் வெளித்தோற்றம். எங்களுக்குப் பழக்கியவர்கள் பிரித்தானியர் முறையில் பழகியவர்கள். வெட்டுமுகம் இடப்பக்கம் என்பது உலகச் சட்டம் என்றே நான் நம்பியிருந்தேன்.

தீவுப்பகுதியில் ஒரு கரையில் மூன்று பருவம் தோண்டினோம். அறுநூறுக்கு மேல் ஓடுகள் கீறினேன். அவற்றில் சில, உட்புறத்தில் சிறு சக்கரம் உருட்டிக் கோலம் போட்ட மெல்லிய தட்டுகள். அந்தத் தட்டுகள் ரோமிலிருந்து கப்பலில் வந்தவை என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருந்தார்கள். பிறகு மண்ணைச் சோதித்துப் பார்த்தால், அது எங்கள் பக்கத்து மண்தான் என்று வந்தது. நல்லதாக ஏதும் கண்டால் வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிற நோய் அப்போதே இருந்திருக்கிறது.

அறிக்கையின் முதற்பக்கத்தைத் தட்டச்சில் அடித்துக் காட்டினார்கள். கீழே, “படங்கள்: யோகேஸ்வரி தில்லைநாதன்.” அது அச்சுக்குப் போக முன்னம் ஊரே இடம்பெயர்ந்தது. என் தாள்கள் தொல்லியல் திணைக்களத்து இரும்பு அலுமாரியில் இருந்தன. பிறகு திரும்பிப் போனவர்கள், அலுமாரி இருக்கிறது, உள்ளே யாரோ நெல் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள்.

இங்கே வந்து இரண்டாம் மாதம், தகைமைகளை மதிப்பிடுகிற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல பெண். என் ஆங்கிலம்தான் நல்லதாக இல்லை. “நான் உடைந்த சட்டிகளோடு வேலை செய்தவள்” என்று சொன்னேன். அவள் அனுதாபத்தோடு தலையாட்டினாள். தன் கணினிப் பட்டியலில் தேடினாள். குயவரா என்று கேட்டாள், இல்லை. ஓவியரா, இல்லை. சட்டி உடைந்தபிறகுதான் என் வேலை தொடங்கும் என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு எதையோ எழுதி அச்செடுத்துத் தந்தாள். வீட்டுக்கு வந்து அகராதியோடு வாசித்தேன். சமையலறை அனுபவம், ஆறு வருஷம் என்று இருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் எனக்குப் பேக்கரி வேலை கிடைத்தது. நெஞ்சில் குத்துகிற அட்டையில் என் பெயரைச் சுருக்கி ‘யோகி’ என்று போட்டார்கள். யோகாசனம் படிப்பிப்பீர்களா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள்.

3

கணவர் தவறி ஐந்து வருஷம். அபி வேலை கிடைத்து ஒஷாவாவுக்குப் போனபிறகு, டோர்செட் பார்க் பகுதியில் பன்னிரண்டாம் மாடியில் இரண்டு அறையோடு நான் தனி. ஓர் அறையைப் படிக்கிற பிள்ளை யாருக்கும் விடலாம் என்று தமிழ்க்கடைப் பலகையில் ஒரு துண்டு ஒட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வந்தான். பெயர் கார்த்திகேயன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன், மரியாதையான பிள்ளை, சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று இருப்பவன். என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் பின்னேரம் அவன் குசினி மேசையில் எதையோ வைத்துக் கீறிக்கொண்டிருந்தான். தேத்தண்ணி வைக்கப் போனவள் எட்டிப் பார்த்தேன். ஓடு. சிவப்புப் பூச்சுப் பூசிய, மெல்லிய, வழுவழுத்த தட்டின் விளிம்பு. எனக்குக் கேத்தில் கையில் இருப்பது மறந்துபோனது.

“தம்பி, உது எங்கத்தை ஓடு?”

“துனிசியா ஆன்ட்டி. ரோமன் பீரியட். வெளியே கொண்டுவரக் கூடாதுதான்… நாளைக்கே வச்சிடுவேன்.”

“அதில்லை. உதென்ன கீறியிருக்கிறீர்? கோணம் பிழை.”

அவன் சிரித்தான். “இது டெக்னிக்கல் டிராயிங் ஆன்ட்டி.”

“ஓம், தெரியுது. இஞ்சை தாரும்.”

விளிம்பைத் தலைகீழாக மேசையில் வைத்து, மேசைக்கும் விளிம்புக்கும் இடையில் வெளிச்சம் புகாத கோணம் வரும்வரை மெதுவாகச் சாய்த்தேன். அதுதான் அந்தத் தட்டு உயிரோடு இருந்தபோது நின்ற கோணம். இருபத்தெட்டு வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை. அவனுடைய பென்சிலை வாங்கிப் பத்து நிமிஷத்தில் கீறிக் கொடுத்தேன். அவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஆன்ட்டி, நீங்க யாரு?” என்று கேட்டான். கனடாவில் அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அவனுடைய பேராசிரியையின் ஆய்வகத்தில் பன்னிரண்டு பெட்டி ஓடுகள் கிடந்தன. முன்னொரு காலத்தில், கேட்பார் இல்லாதபோது, துனிசியாக் கரையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்தவை. இப்போது அந்த நாடு திருப்பிக் கேட்கிறது. அடுத்த இலையுதிர் காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்ப முன்னம் நானூற்றுச் சொச்சம் ஓடுகளையும் கீறி முடிக்க வேண்டும், பிறகு புத்தகமாகப் போட வேண்டும். கார்த்திகேயனுக்குக் கீற வராது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பென்சிலே வராது.

4

அந்த ஓடுகளைக் கீற, வியாழக்கிழமைகளில் பஸ்ஸும் சப்வேயுமாக டவுன்ரவுனில் இருந்த ஆய்வகத்துக்குப் போனேன். தன்னார்வத் தொண்டர் படிவத்தில் முழுப்பெயர், முகவரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பேராசிரியை உயரமான, கலகலப்பான மனுஷி. முதல்நாளே கேட்டுவிட்டேன். வெட்கப்படவில்லை.

“புத்தகத்தில் என் பெயர் வருமா?”

“நிச்சயமாக, யோகி” என்றார் ஆங்கிலத்தில். என்னை எப்படி அழைப்பது என்று கார்த்திகேயன் சொல்லிக் கொடுத்திருந்தான். ‘நிச்சயமாக’ என்பது இந்த நாட்டில் ஒரு முகமன் என்று இத்தனை வருஷத்தில் எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கரையைப் பற்றி வேலை செய்தபடியே கேட்டு அறிந்தேன். அங்கே முன்பு இருந்த கார்த்தேஜ் நகரை ரோமர் தரைமட்டமாக்கினார்கள். பிறகு அதே இடத்தில் தங்கள் நகரைக் கட்டினார்கள். கரையோரமெல்லாம் மீன் ஊறவைக்கச் சதுரம் சதுரமாகத் தொட்டிகள், ஒலிவ் எண்ணெய் ஆட்டிய செக்குகள், சூளைகள். மீனும் எண்ணெயும் தானியமும் ரோமுக்குப் போயின. அதோடு இந்தச் சிவப்புத் தட்டுகளும் போயின. முதலில் இத்தாலியத் தட்டைப் பார்த்துப் போலி செய்தவர்கள், கடைசியில் இத்தாலிக்காரன் வீட்டு மேசைக்கே தட்டு அனுப்பினார்கள். தட்டைச் செய்த குயவன் பெயரைத் தேடினால் அநேகமாக ஒன்றும் இல்லை. தட்டுக்குப் பெயர் உண்டு, வகைக்கு இலக்கம் உண்டு.

அந்த மக்களின் பழைய பாஷை பியூனிக். ரோமர் வந்தபிறகும் அது சில நூற்றாண்டுகள் வீடுகளில் இருந்ததாம். வலமிருந்து இடமாக எழுதுகிற பாஷை. முதலில் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். பிறகு சில இடங்களில் பிள்ளைகளுக்கு எழுத்து மறந்துபோக, அதே பாஷையை ரோமர் எழுத்தில் எழுதினார்கள். பேராசிரியை இதைப் பெரிய அதிசயம்போலச் சொன்னார். எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. என் போனில் அபி அனுப்புகிற செய்திகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் பேசுகின்றன. அதற்கு அடுத்த கட்டம் என்ன என்று நான் கேட்கவில்லை.

அபிக்கு நான் போவது பிடிக்கவில்லை.

“ஃப்ரீயாவா அம்மா? எவ்ரி வீக்? தே ஆர் யூஸிங் யூ.”

“புத்தகத்திலை பேர் வரும் பிள்ளை.”

“பானைப் புக்கிலையா?” என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டாள். அது இன்னும் நோகும். ஊரில் நான் என்ன செய்தேன் என்று அவளுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல முயன்ற காலத்தில் அவளுக்கு நீச்சல் வகுப்பு இருந்தது. பிறகு அவளுக்கு நேரம் வந்தபோது எனக்குப் பேக்கரி இருந்தது.

ஒன்பதாம் பெட்டியில் ஒரு தட்டின் அடிப்பாகம் வந்தது. வெளிப்புறத்தில், தட்டு நிற்கிற வளையக் காலுக்குச் சற்று மேலே, மூன்று கீறல்கள். கார்த்திகேயன் பட்டியலில் ‘கீறல், கலப்பை பட்டதாக இருக்கலாம்’ என்று பதிந்து வைத்திருந்தான்.

“தம்பி, கலப்பை மூண்டு தரம் தூக்கித் தூக்கி வைக்காது. உது கையாலை எழுதினது. எழுத்து.”

“லத்தீன் மாதிரி இல்லையே ஆன்ட்டி.”

“எந்த எழுத்தெண்டு எனக்குத் தெரியாது. எழுத்தெண்டு தெரியும். எங்கடை கரையிலை பிராமி எழுதின ஓடு கீறின கை இது. உங்கடை மிஸ்ஸிட்டைக் காட்டும்.”

“காட்டுறேன் ஆன்ட்டி” என்றான். காட்டவில்லை. அவனுக்கு அந்தக் கிழமை ஏதோ மாநாடு. நான் அந்த மூன்று எழுத்துக்கும் ஒரு முழு வியாழக்கிழமை செலவழித்தேன். எழுதிய ஆணி எந்த இடத்தில் அழுத்தி எந்த இடத்தில் தூக்கப்பட்டது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கீறினேன். எழுதியவன் நடுவில் ஒருமுறை வழுக்கியிருந்தான். அந்த வழுக்கலையும் கீறினேன். ஒருமுறை பட்டவள் என்றபடியால், பின்னேரம் வெளிக்கிட முன்னம் கீறிய தாள்களை எல்லாம் வழக்கம்போல போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கடைசி வியாழன், எல்லோருக்கும் மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். பேராசிரியை நாலு சாப்பிட்டார். அடுத்த மாதம் பெட்டிகள் கப்பலேறின.

5

மார்கழியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கார்த்திகேயன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“ஆன்ட்டி, ஒரு காமெடி. நீங்க எல்லாத்தையும் ரிவர்ஸா போட்டிருக்கீங்க. நம்ம சீரிஸ்ல செக்ஷன் ரைட் சைடுல வரணும். மேடம் நேத்துதான் பாத்தாங்க.”

எனக்கு முகம் சுட்டது. “ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?”

“நானே கவனிக்கல ஆன்ட்டி. பரவால்ல, எல்லாத்தையும் மிரர் பண்ணிட்டேன். ஒரே கிளிக்.”

நானூற்றுச் சொச்சம் படங்களை ஒரே சொடுக்கில் இடம்வலம் மாற்றிவிட்டான். வட்டமான பாத்திரத்துக்கு இடமும் வலமும் ஒன்றுதான், ஒரு குறையும் வராது. அப்படித்தான் நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அன்று முழுக்க மனம் கிடந்து உழன்றது. இந்த நாட்டில் எதைச் செய்தாலும் மற்றப்பக்கத்தால்தான் செய்திருப்பேன் போல.

மாசியில் புத்தகத்தின் கடைசிப் படியைத் தன் மடிக்கணினியில் காட்டினான். நான் முதலில் படங்களைப் பார்க்கவில்லை. தலைப்புக்குப் பின்னால் உள்ள பக்கத்தைப் பார்த்தேன். படங்கள் என்ற இடத்தில் கார்த்திகேயனின் பெயர் இருந்தது. நன்றிப் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். பல்கலைக்கழகம், நிதி தந்தவர்கள், கப்பல் கொம்பனி என்று போய், கடைசிக்கு முந்திய வரியில் நான் இருந்தேன். ‘தன் சுவையான ரோல்ஸால் எங்கள் வியாழக்கிழமைகளை இனிமையாக்கிய யோகிக்கு.’

“இதென்ன தம்பி?”

அவன் திரையைப் பார்த்தபடியே பேசினான். “மேடம்கிட்ட சொன்னேன் ஆன்ட்டி. ஃபைனல் டிராயிங் யாரு டிஜிட்டல்ல முடிச்சாங்களோ அவங்க பேருதான் போடணுமாம். ஸ்கேன் பண்ணி, இங்க் பண்ணி, பிளேட் போட்டது நான். உங்களோடது பென்சில் டிராஃப்ட்டுன்னு…”

“டிராஃப்ட்.”

“எனக்கு இந்த வருஷம் வேலை கிடைக்கலேன்னா விசா முடிஞ்சிரும் ஆன்ட்டி. சி.வி.ல ஒரு லைன் கூட இருந்தா…”

அவனுக்கும் ஒரு வரிதான் வேண்டியிருந்தது. அது எனக்கு விளங்கியது. விளங்கியபடியால் கோபம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். என்னிடம் பறித்தவன் ஒரு பெரிய மனுஷனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். என் வீட்டில் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு தலைகுனிந்து இருக்கிறவனை என்ன செய்வது?

அவன் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனான், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தானோ தெரியாது. அந்தத் தட்டின் அடிப்பாகம் வந்தது. என் மூன்று எழுத்தும் இடம்வலம் மாறிப்போய் நின்றன. தட்டைத் திருப்பினால் தட்டுதான். எழுத்தைத் திருப்பினால் எழுத்து இல்லை. கீழே குறிப்பில் ‘மேற்பரப்பில் கீறல்கள்’ என்று மட்டும் இருந்தது. அந்த ஓடு இனி இங்கே இல்லை. தனியாக நிழற்படமும் எடுக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் வாசிக்கப்போகிற புத்தகத்தில் அது பிழையாக நிற்கிறது என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்ல வாய் திறந்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“எல்லாம் ஓகேவா ஆன்ட்டி?”

“ஓம்” என்றேன்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த ‘ஓம்’ வெறும் வன்மம். படம் என்னுடையது இல்லை என்று அச்சிலேயே போட்டுவிட்டார்கள், பிழை மட்டும் எப்படி என்னுடையதாகும் என்று நினைத்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி தன் தட்டில் தன் அடையாளத்தைக் கீறிவைத்த ஒரு மனுஷனுக்கு அன்று நான் செய்தது துரோகம். அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

6

புத்தகம் வந்தது. கார்த்திகேயனுக்கு அல்பேர்ட்டாவில் வேலை கிடைத்து, அறையைக் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். வாசலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எங்கள் ஊரில் அந்த வழக்கம் குறைவு. எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வருஷம் கழிய, போன பங்குனியில், அபி வந்து நின்ற ஒரு சனிக்கிழமை, அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘சாரி ஆன்ட்டி’ என்று ஒரு வரி, அதோடு ஒரு பக்கம் இணைத்திருந்தான். அந்த நாட்டு அருங்காட்சியகத்தில் பெட்டிகளைப் பொறுப்பெடுத்த ஒரு பெண், ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். அவை கீறல்கள் இல்லை, பழைய பியூனிக் எழுத்துகள், தட்டுக்கு உரியவரின் பெயர்த் தொடக்கம், படத்தில் இடம்வலம் மாறி நிற்கின்றன என்று எழுதிவிட்டார். அதனால் பேராசிரியை புத்தகத்தோடு சேர்க்க ஒரு திருத்தத் தாள் வெளியிட்டிருந்தார். என் கண்ணாடி அறைக்குள் இருந்தது. அபிதான் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

“இந்தப் பிழைக்கு வருந்துகிறம் எண்டு போட்டிருக்கு. ஒரிஜினல் டிராயிங்கைச் செய்தது வொலன்ரியர் இலஸ்ட்ரேட்டர்…” அவள் நிறுத்தினாள். “அம்மா, உங்கடை பேர்.”

கண்ணாடியை எடுத்துவந்து நானே பார்த்தேன். திருமதி யோகேஸ்வரி தில்லைநாதன். யோகி இல்லை. தொண்டர் படிவத்திலிருந்து எடுத்திருப்பார்கள், ஓர் எழுத்துக் கூடக் குறையவில்லை. அதற்கு முன்னால், படவரைஞர் என்ற சொல்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. மூச்சு ஒருமுறை மேலே போய் நின்று, பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்பது மண்டைக்குள் இறங்கியது. படம் சரியாக இருந்தவரை அது அவனுடையது. பிழைத்த அன்று என்னுடையதாகிவிட்டது.

அபி எழும்பி நின்றுவிட்டாள். அவளுக்கு இப்படிக் கோபம் வந்து நான் கண்டதில்லை.

“திஸ் இஸ் நொட் ஓகே. நீங்கள் பிழையாக் கீறினீங்களா?”

“இல்லை. நான் சரியாத்தான் கீறினனான். அவையள்தான் திருப்பினவை.”

“ப்ரூஃப் இருக்கா?”

போனைத் திறந்து காட்டினேன். திகதியோடு இருந்தது. வெட்டுமுகம் இடப்பக்கம், எழுத்து மூன்றும் இருக்க வேண்டிய மாதிரி, நடுவில் அந்த வழுக்கல். அபி விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள்.

“இது நீங்கள் கீறினதா?” என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்தாள். “நான் இப்பவே ஈமெயில் எழுதுறன். இதை அனுப்பினால் அவையள் உங்கடை பேரை எடுத்துத்தான் ஆகவேணும்.”

“எடுத்துப்போட்டு?”

“என்ன?”

“என்ரை பேரை எடுத்துப்போட்டு, புத்தகத்திலை படங்கள் எண்ட இடத்திலை போடுவினமோ?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “புக் பிரிண்ட் பண்ணி முடிஞ்சுது அம்மா. இந்தத் தாளை மட்டும்தான் மாத்துவினம்.”

“அப்ப விடு.”

“அம்மா, இது பொய். எல்லாரும் உங்களைப் பிழையா நினைப்பினம்.”

“நினைக்கட்டும். அதை எடுத்தால் பிறகு ஒரு இடத்திலையும் இருக்காது.”

நான் அந்த மாசியிலேயே சொல்லியிருந்தால் இந்தத் தாளே வந்திராது என்பதையும் அவளுக்குச் சொன்னேன். கீழே கென்னடி வீதியில் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“பிரிண்ட் எடுக்கட்டோ?” என்று கேட்டாள்.

“ரெண்டு எடு” என்றேன்.